புள்ளியைப் பார்த்து மயங்காதீர்கள், பேப்பரைக் கேளுங்கள்

கேள்வி: பக்கத்தில் ஒருவர் 7 வயது பெயின்ட் இனப் பெண் குதிரையை விற்கிறார். பழுப்பும் வெள்ளையுமாக அத்தனை அழகு. பேப்பர் (இனப் பதிவுச் சான்றிதழ்) இருக்கிறது, பிறகு தருகிறேன் என்கிறார். சவாரிக்கும் வேண்டும், ஒரு குட்டி எடுக்கவும் ஆசை. எங்களிடம் உள்ள வயதான பெயின்ட் குதிரையை விற்கவும் நினைக்கிறோம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: அந்த "பிறகு தருகிறேன்" எனக்குப் பிடிக்கவில்லை. முதலில் அதைப் பேசிவிடுவோம்.

வெள்ளைத் திட்டு உள்ள குதிரையெல்லாம் பெயின்ட் ஆகிவிடாது. பின்டோ என்பது இப்படித் திட்டுத் திட்டான நிறத்தின் பெயர், பெயின்ட் என்பது இனத்தின் பெயர். டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் உள்ள அமெரிக்கன் பெயின்ட் ஹார்ஸ் அசோசியேஷன், பெற்றோர் பெயின்ட், குவார்ட்டர் ஹார்ஸ், தரோபிரெட் ஆகிய இனங்களில் பதிவானவையா என்று பார்த்துத்தான் பதிவு தரும். திட்டே இல்லாத பெயின்ட் குட்டிகளும் பிறக்கும், அவற்றுக்குத் தனிப் பதிவு உண்டு. ஆகவே பதிவுச் சான்றிதழைக் கையில் வாங்கி, அதிலுள்ள அடையாளங்களைக் குதிரையின் இரு பக்கத்தோடும் ஒப்பிடுங்கள். பெயின்டில் இது ஒரு வசதி, திட்டுகளே கைரேகை மாதிரி. உரிமையாளர் மாற்றப் படிவத்தில் கையெழுத்திட வேண்டியவர், பதிவில் உள்ள உரிமையாளர். விற்பவர் பெயர் அங்கே இல்லையென்றால், அதைச் சரிசெய்த பிறகே பணம்.

குட்டி எடுக்கும் எண்ணம் இருப்பதால் இன்னொன்று. ஓவரோ என்ற திட்டு வகையில் 'ஃப்ரேம்' என்றொரு மரபணு உண்டு. ஒரு பிரதி இருந்தால் தீங்கில்லை. தாய், தகப்பன் இரண்டிடமும் இருந்தால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குட்டி கிட்டத்தட்ட முழு வெள்ளையாகப் பிறக்கும். பெருங்குடலில் நரம்பு செல்கள் இல்லாததால் சில நாட்களில் இறந்துவிடும், சிகிச்சை கிடையாது. திட்டு அதிகம் தெரியாத குதிரையும் இதைச் சுமக்கலாம் என்பதால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பிடரி அல்லது வால் முடியை வேரோடு பிடுங்கி அனுப்பினால் ஆய்வகம் சொல்லிவிடும். ஃப்ரேம் இருக்கிறது என்று தெரிந்தால் குதிரையை ஒதுக்க வேண்டியதில்லை, அது இல்லாத ஆண் குதிரையோடு சேர்த்தால் போதும். அதே முடியிலேயே தசை, தோல் சம்பந்தமான பரம்பரை நோய்களுக்கும் சோதனை செய்துகொள்ளலாம்.

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. நீங்கள் காசு கொடுக்கிறீர்கள், தாராளமாகப் பாருங்கள். நீங்கள் போகும்போது குதிரை சேணம் பூட்டி வியர்த்து நின்றால், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்புங்கள். முரட்டுத்தனத்தை ஓட்டிக் களைக்க வைத்து மறைப்பது பழைய தந்திரம். பிடிப்பது, லாடக் கால் தூக்குவது, சேணம் போடுவது எல்லாம் உங்கள் கண்முன் நடக்கட்டும், முதலில் விற்பவரே ஏறி ஓட்டட்டும். கால்நடை மருத்துவர் நீங்கள் அமர்த்துபவராக இருக்க வேண்டும். அவர் குதிரையின் காலைச் சிறிது நேரம் மடக்கிப் பிடித்து, விட்டதும் ஓடவிட்டு நொண்டுகிறதா என்று பார்ப்பார், சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே எடுப்பார். ரத்தமும் எடுக்கச் சொல்லுங்கள், வலி மருந்து கொடுத்து நொண்டலை மறைத்திருந்தால் அதில் தெரியும். காகின்ஸ் சோதனை முடிவையும் கேளுங்கள். குதிரைத் தொற்று ரத்தசோகைக்கான சோதனை அது, அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோக வழக்கமாகக் கேட்பார்கள். கொலராடோ போன்ற மேற்கு மாநிலங்களில் பிராண்ட் இன்ஸ்பெக்‌ஷனும் (சூட்டுக்குறியையும் உரிமையையும் அதிகாரி சரிபார்ப்பது) வேண்டும்.

அப்புறம், நீங்கள் விற்கும் குதிரை. இளஞ்சிவப்பு மூக்கு வெயிலில் புண்ணாகும் என்றாலும், ஒரு காதில் கேட்காது என்றாலும் விற்பனை ரசீதிலேயே எழுதிவிடுங்கள். மறைத்து விற்றால் குதிரை ஒரு மாதத்தில் உங்கள் வாசலுக்கே திரும்பி வரும். காசோலை வந்தால் உங்கள் வங்கி பணம் சேர்ந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லும்வரை குதிரையும் பேப்பரும் உங்களிடமே இருக்கட்டும். வங்கியே எழுதித் தரும் காசோலையிலும் போலி வருகிறது.