வானத்துக்கும் வாசல் உண்டு: கேள்வி பதில்

மலேசியாவின் பட்டர்வொர்த் விமானத் தளத்தில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சுங்கை பட்டாணி சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து, ராணுவ விமானங்கள் அடுத்த நாட்டு வானில் பறப்பது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

கேள்வி: ஐயா, வானம் பொதுதானே? போர் விமானத்துக்கு எதற்கு அனுமதி?

பதில்: பொது இல்லை தம்பி. நிலத்துக்கும் கரையோரக் கடலுக்கும் மேலுள்ள வானம் அந்தந்த நாட்டுக்குச் சொந்தம். அனுமதியில்லாமல் ராணுவ விமானம் இன்னொரு நாட்டின் மேல் பறக்கக் கூடாது என்று 1944 சிகாகோ உடன்படிக்கை சொல்கிறது.

கேள்வி: அனுமதி தராவிட்டால் சுற்றிப் போகலாமே?

பதில்: போகலாம், விலை பெரிது. 1986 ஏப்ரலில் அமெரிக்க எஃப்-111 விமானங்கள் இங்கிலாந்திலிருந்து லிபியாவைத் தாக்கக் கிளம்பின. பிரான்ஸ், ஸ்பெயின் இரண்டும் வழி விடவில்லை. அட்லாண்டிக் பக்கம் ஒதுங்கி, ஸ்பெயினுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே உள்ள ஜிப்ரால்டர் நீரிணை வழியாக மத்தியதரைக் கடலுக்குள் போனார்கள். போய்வர சுமார் 10,000 கிலோமீட்டர், 13 மணி நேரத்துக்கு மேல். இருவர் உட்காரும் சின்ன அறையில், எழுந்து நிற்கக்கூட வழியில்லாமல்! நடுவானில் பலமுறை எண்ணெய் ஊற்ற டேங்கர் விமானங்கள் கூடவே பறந்தன. ஒரு விமானம் திரும்பவில்லை. வரைபடத்தில் ஸ்கேல் வைத்துத் தூரம் அளக்காதீர்கள்.

கேள்வி: பெரிய சரக்கு விமானம் இருந்தால் தளம் தேவையில்லைதானே?

பதில்: தேவைதான். 1973இல் இஸ்ரேலுக்கு அமெரிக்கா ஆயுதம் அனுப்பியபோது, வழியில் இறங்க இடம் தர ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலும் மறுத்தன. போர்ச்சுகல் மட்டும் அட்லாண்டிக் நடுவே அசோர்ஸ் தீவுகளில் உள்ள லாஜெஸ் தளத்தைத் திறந்துவிட்டது. அது இல்லாவிட்டால் சி-141 சரக்கு விமானங்கள் திண்டாடியிருக்கும். அவற்றுக்கு அப்போது வானில் எண்ணெய் வாங்கும் வசதியே இல்லை. பிறகுதான் பொருத்தினார்கள்.

கேள்வி: லண்டனிலிருந்து லிபியா பக்கம்தானே, 13 மணி நேரமா?

பதில்: மேலே எழுதிவிட்டேன். ஸ்கேலைக் கீழே வையுங்கள்.

கேள்வி: விமானப்படையில் சேர என்ன தகுதி?

பதில்: ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் கேளுங்கள் தம்பி.

கேள்வி (பீடோங் ஊர்க்காரர்): மலாக்கா நீரிணை மேல் பறக்கவும் நம்மிடம் கேட்கத்தானே வேண்டும்?

பதில்: வேண்டாம். 1982 ஐ.நா. கடல் சட்டப்படி, பல நாட்டுக் கப்பல்கள் கடந்து போகும் இப்படிப்பட்ட நீரிணைகளில் கப்பலுக்கும் விமானத்துக்கும் கடந்து போகும் உரிமை உண்டு.

பீடோங்: கரையோரக் கடல் நம்முடையது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

பதில்: நல்ல கேள்வி அண்ணே. சாதாரணக் கரையோரக் கடலில் கப்பலுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை, விமானத்துக்கு இல்லை. நீரிணைக்குத்தான் தனி விதி. அங்கேயும் நிற்காமல், சுற்றாமல் கடந்து போய்விட வேண்டும். ஜிப்ரால்டரும் அப்படிப்பட்ட நீரிணைதான்.

பீடோங்: அப்படியே திரும்பி நம் தோட்டத்து மேல் வந்தால்?

பதில்: கரையைத் தாண்டினால் நம் வானம். கேட்டுத்தான் வர வேண்டும்.