தீவிரவாதியோட பிள்ளையும் அதே வழியிலதான் போகுமா?

போகணும்னு எந்தக் கட்டாயமும் இல்லங்க. இந்தக் கேள்வியைப் பாத்ததும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு தீவிரவாதியோட மகனாப் பொறந்து இன்னிக்கு அமைதிக்காகப் பேசுற அமெரிக்கர் சாக் இப்ராஹிம்தான், ஏன்னா நானும் ஒரு காலத்துல "அப்பன் புத்தி பிள்ளைக்கு வராம எங்க போகும்"னு யோசிக்காம சொன்னவன், அவர் பேச்சைக் கேட்டதுக்கு அப்புறம் அந்த வார்த்தை வாய்ல வர்றதில்ல.

அவரோட அப்பா எல் சையித் நொசைர். 1990 நவம்பர்ல நியூயார்க்ல ஒரு ஹோட்டல்ல வச்சு மெயிர் கஹானேங்கிற தீவிர வலதுசாரி யூத மதகுருவை சுட்டுக் கொன்னவரு. பையனுக்கு அப்போ 7 வயசு. ஜெயிலுக்குப் போயும் அடங்கல, 1993ல உலக வர்த்தக மையத்துல குண்டு வச்சு 6 பேரைக் கொன்ன கூட்டத்தோட உள்ள இருந்தே தொடர்பு வச்சிருந்தாரு, கடைசில சதி வழக்குல ஆயுள் தண்டனை.

இதுல என்னைப் போட்டு உலுக்குனது வேற ஒண்ணு. கொலைக்கு முன்னாடி மகனைத் துப்பாக்கி சுடப் பழகுற இடத்துக்கு அப்பா கூட்டிட்டுப் போறாரு, பையன் சுட்ட குண்டு குறிப்பலகைக்கு மேல இருந்த லைட்ல பட்டு அந்தப் பலகை மொத்தமும் பத்திக்கிட்டு எரியுது, கூட வந்த மாமா அப்பனுக்குத் தப்பாத பிள்ளைங்கிற அர்த்தத்துல அரபில ஏதோ சொல்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. ஒரு சின்னப் பையன் மேல எவ்வளவு பெரிய பாரத்தை ஏத்துறாங்க பாருங்க. அது என்ன சிரிப்புன்னு அவனுக்குப் புரியவே சில வருஷம் ஆச்சு.

அவரை மாத்துனது யாரோட உபதேசமும் இல்ல. 2000ல பிலடெல்பியால இளைஞர் மாநாடு ஒண்ணுல கூடவே சுத்துன ஃப்ரெண்டு யூதன்னு சில நாள் கழிச்சுதான் தெரியவருது, அப்போ யூதன் எப்பவும் எதிரின்னு வீட்டுல சொல்லிக்குடுத்தது என்ன ஆச்சு? அப்புறம் ஒரு தீம் பார்க் வேலைல தன்பாலீர்ப்பாளர்களோட பழகுறாரு, யாரைப் பாவிகள்னு கேட்டு வளந்தாரோ அவங்கதான் இவரை எடை போடாம அன்பா நடத்துனாங்க. ஸ்கூல்ல அடியும் கேலியும் வாங்கியே வளந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட என் எண்ணமெல்லாம் மாறுதும்மான்னு சொல்றாரு. அந்தம்மா சண்டை போடல, மனுஷங்களை வெறுத்து வெறுத்து எனக்கே அலுத்துப் போச்சுங்கிற மாதிரி சொல்லிட்டாங்க. அவங்களும் எத்தனை வருஷமா அதைச் சுமந்திருக்காங்க பாருங்க.

அப்பா பேரால ஆபத்து வருமோன்னு பேரையே மாத்திக்கிட்டு, ஊர் ஊரா வீடு மாறி வாழ்ந்த குடும்பம் அது. 2014ல TEDங்கிற பேச்சு நிகழ்ச்சில அவரே மேடை ஏறி நான் இன்னார் மகன்னு சொன்னாரு, யாரும் கேக்காமலேயே.