வாழைநாரைத் திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. மாலை கட்டும் தொழில். ஐந்து வாரத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாளே எழுப்பி நிற்க வைத்தார்கள். அந்த அவசரத்தால்தான் கை இன்னும் வரவில்லை என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அதனால் வீட்டில் ஒரு மண்டலம் முழு ஓய்வு கொடுக்கிறோம். அம்மா ஊட்டிவிடுகிறார். போன வாரம் அம்மா பூக் கட்டும்போது, அப்பா வாழைநாரை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு கட்டப் பார்த்தார். சித்தப்பா வரும் நேரம் என்பதால் வாங்கி வைத்துவிட்டோம். பயிற்சியை எப்போது தொடங்கலாம்?
— வாசகர், ஆரப்பாளையம், மதுரை

பதில்: தம்பி, உங்கள் அப்பா போன வாரமே தொடங்கிவிட்டார். நீங்கள்தான் நிறுத்தினீர்கள்.

கை வரவில்லை, கால் வரவில்லை என்று எனக்கு மாதாமாதம் கடிதம் வருகிறது. உங்கள் கடிதத்தில் நான் நின்றது ‘சித்தப்பா வரும் நேரம்’ என்ற இடத்தில். அப்பாவுக்கு வலிக்கும் என்றா நாரை வாங்கினீர்கள்? படுத்த மனுசனை வேலை வாங்குகிறான் என்று சித்தப்பா நாலு வீட்டில் சொல்லிவிடுவாரே என்று வாங்கினீர்கள். அப்பாவைக் கட்டிலில் போட்டுக் காப்பாற்றுவது உங்கள் பெயரை.

ஆஸ்பத்திரிக்காரர்கள் மேல் பழி போடாதீர்கள். முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே நோயாளியை எழுப்பி அதிகமாக நடமாட வைப்பது நல்லதில்லை என்று ‘அவெர்ட்’ என்ற ஆய்வு 2015இல் காட்டியது. ஐந்து நாடுகளில் 2,104 பேரை வைத்துச் செய்தது. அதே கணக்கை மறுபடி அலசியபோது, கொஞ்ச நேரமாக, ஆனால் அடிக்கடி எழுப்பப்பட்டவர்கள் நன்றாகத் தேறியிருந்தது தெரிந்தது. உங்கள் அப்பாவை எழுப்பியது மூன்றாம் நாள். அதில் அவசரம் எங்கே இருக்கிறது?

அப்புறம் இந்த மண்டலக் கணக்கு. லேகியம் சாப்பிட 48 நாள் சரி. அடிபட்ட மூளை, இழந்த வேலையை மற்ற பகுதிகளுக்குப் பழக்குவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில். பிறகும் நடக்கும், மெதுவாக. அந்த 90 நாளில் 35 போய்விட்டது. வேலை கொடுக்காத கையை மூளை மெல்ல மறக்கவும் செய்யும். படுத்தே கிடந்தால் படுக்கைப்புண், நெஞ்சில் சளி, காலில் ரத்தக்கட்டு என்று வேறு வரிசை கட்டி நிற்கும்.

டாக்டரிடம் பி.பி. காட்டிவிட்டு, நாளைக்கே நாரை எடுங்கள். மல்லி வேண்டாம், மொட்டு சிறிசு, விலையும் கை வைக்க விடாது. அரளி வாங்குங்கள். நனைத்த நாரின் நுனியை அவருடைய வலது கை விரல்களுக்குள் சொருகுங்கள். பல் செய்த வேலையை அந்தக் கை பழகட்டும். நழுவும். நழுவினால் உடனே பாய்ந்து எடுத்துத் தராதீர்கள், அவரே தேடட்டும். பத்து நிமிஷம், ஓய்வு, மறுபடி பத்து நிமிஷம். தலை சுற்றினாலோ நெஞ்சு வலித்தாலோ நிறுத்திவிடுங்கள். முகம் கோணுவது, பேச்சு குழறுவது புதிதாக வந்தால் 108.

எழுப்பும்போது வலது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. வலுவிழந்த தோள்மூட்டு இறங்கிவிடும், அந்த வலி மாசக்கணக்கில் நிற்கும். உட்காரும்போது அந்தக் கைக்கு அடியில் தலையணை. சாப்பிடும்போது புரையேறவில்லை என்றால் ஊட்டுவதை அம்மா நிறுத்தட்டும். சட்டையில் சோறு சிந்தினால் துவைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்றும் கிளம்பாதீர்கள். இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் குடும்பத்தாருக்கே பயிற்சி சொல்லிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வந்தது. அதனால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் வேண்டும். பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போக முடியாவிட்டால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பற்றிக் கேளுங்கள். 2021இல் தொடங்கிய திட்டம், வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுப்பார்கள்.

பெற்றவரைப் பார்ப்பது பிள்ளையின் கடமை, அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் நம் ஊரில் அதை ‘அசைய விடாமல் பார்த்துக்கொண்டான்’ என்று பேர் வாங்குவதாக மாற்றி வைத்திருக்கிறோம். மாலை கட்டி உங்களை வளர்த்த மனுசன், பல்லில் நாரைக் கடித்தாவது தொழிலுக்குத் திரும்பப் பார்க்கிறார். அவரிடமிருந்து அதைப் பிடுங்க உங்களுக்கு உரிமை கிடையாது.

சித்தப்பா அடுத்து வரும்போது காபி கொடுத்து, அண்ணனுக்கு வலது பக்கமாக உட்காரச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் திரும்பிப் பேசுவதும் அப்பாவுக்குப் பயிற்சிதான். சித்தப்பா சும்மா உட்கார வேண்டாம், அரளியை எடுத்து எடுத்துக் கொடுக்கட்டும்.