இயந்திரங்களால் பிழைப்பை இழந்த இங்கிலாந்து நெசவாளர்கள் பிறகு வேறு வேலைக்கு மாறிக்கொண்டார்களா?

"தொழிற்புரட்சியில் வேலை இழந்தவர்கள் எல்லோரும் காலப்போக்கில் புதிய வேலைகளுக்கு மாறிவிட்டார்கள் என்று சொல்கிறார்களே, அது உண்மையா? அக்காலப் பொருளியல் அறிஞர்கள் இதைப் பற்றி என்ன நினைத்தார்கள்?" என்பது கேள்வி. நாட்டின் கணக்கைப் பார்த்தால் அது உண்மை. தனி மனிதரின் கணக்கைப் பார்த்தால் பெரும்பாலும் உண்மையில்லை. என் தாத்தா குழித்தறியில் நெய்தவர். பள்ளி விட்டு வந்ததும் அவருக்குத் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் சுருள்) சுற்றிக் கொடுப்பது என் வேலை. அதனாலோ என்னவோ, தொழிற்புரட்சி என்றதும் எனக்கு நீராவி எஞ்சினைக் காட்டிலும் லங்காஷயர் மாவட்டத்துக் கைத்தறி நெசவாளர்களே முதலில் நினைவுக்கு வருகிறார்கள். கேள்விக்கு அவர்களைக் கொண்டே விடை சொல்கிறேன்.

முதலில் அடி விழுந்தது தறிக்கு அன்று, இராட்டைக்கு. 1733இல் ஜான் கே, குறுக்கு நூலைத் தறியில் வேகமாகப் பாய்ச்சும் பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் நெசவு வேகமாகி, ஒரு தறிக்கு வேண்டிய நூலைக் கொடுக்க நான்கைந்து பேர் நூற்றாலும் போதாத நிலை வந்தது. அந்தப் பற்றாக்குறையை நிரப்பத்தான் 1760களில் ஹார்கிரீவ்ஸின் ஜென்னியும், 1769இல் ஆர்க்ரைட்டின் நீர்விசை இயந்திரமும், 1779இல் கிராம்ப்டனின் மியூலும் என்று நூற்கும் இயந்திரங்கள் அடுத்தடுத்து வந்தன. நூறு பவுண்டு எடையுள்ள பஞ்சைக் கையால் நூற்க இந்தியாவில் ஐம்பதாயிரம் மணிநேரத்துக்கு மேல் பிடித்தது. தொடக்க கால மியூலுக்கு அது ஏறக்குறைய 2,000 மணிநேரமாகவும், விசையால் ஓடிய 1795ஆம் ஆண்டு மியூலுக்கு 300 மணிநேரமாகவும் சுருங்கியது. மிக மெல்லிய நூறாம் நம்பர் நூல் ஒரு பவுண்டு எடை 1786இல் 38 ஷில்லிங் (இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு பணம்) விற்றது, 1807இல் ஏழு ஷில்லிங்குக்கும் கீழே இறங்கியது. (நம் ஊர் நெசவாளர்கள் இன்றும் பருத்தி நூலுக்குச் சொல்லும் 'நம்பர்' இங்கிலாந்தில் தோன்றிய அதே கணக்குதான்.) வீட்டில் இராட்டை சுற்றிச் சம்பாதித்த பெண்களின் வருமானம் இப்படி ஒரே தலைமுறைக்குள் காணாமல் போயிற்று. வேலையிழப்பின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்களின் தறியிலிருந்தே தொடங்குவதை நான் ஒரு குறையாகவே பார்க்கிறேன்.

நூல் மலிந்ததும் நெசவாளருக்குப் பொற்காலம் வந்தது. ஆலையில் நூற்ற நூலை நெய்யும் விசைத்தறியை எட்மண்ட் கார்ட்ரைட் 1785இலேயே வடிவமைத்திருந்தாலும், அது ஒழுங்காக ஓட இன்னும் முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த இடைவெளியில் மலையாகக் குவிந்த நூலை நெய்யக் கைத்தறிகளைத் தவிர வேறு வழியில்லை. பழைய களஞ்சியங்களும் வண்டிக் கொட்டகைகளும்கூடத் தறிக்கூடங்களாக மாற்றப்பட்டன. லங்காஷயரின் போல்டன் நகரில் மஸ்லின் என்ற மெல்லிய பருத்தித் துணி நெய்தவர்கள் ஐந்து பவுண்டு நோட்டைத் தொப்பிப் பட்டையில் செருகிக்கொண்டு நடந்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதையில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் நல்ல நெசவாளர் ஒருவர் வாரம் இருபது ஷில்லிங்குக்கு மேல் ஈட்டியதும், எப்போது தறியில் உட்காருவது, எப்போது எழுவது என்பதைத் தாமே முடிவு செய்ததும் மிகையில்லை. திங்கட்கிழமை முழுவதும் ஓய்வெடுத்துவிட்டு, வார இறுதியில் இரவு பகலாக நெய்து துணியை ஒப்படைப்பது அவர்களுடைய வழக்கம். அந்த ஓய்வு நாளுக்கு வேடிக்கையாகப் 'புனிதத் திங்கள்' என்றே பெயர்.

பிறகு வந்த வீழ்ச்சியைப் பலர் விசைத்தறியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது பொருந்தவில்லை. 1813இல் பிரிட்டன் முழுவதும் இருந்த விசைத்தறிகள் ஏறக்குறைய 2,400. 1820இலும் சுமார் 14,000தான். அதே காலத்தில் பருத்தி நெய்த கைத்தறி நெசவாளர்கள் இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். ஆனால் கூலியோ அதற்கு முன்பே பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. எளிதில் பழகக்கூடிய சாதாரணத் துணி நெசவுக்கு அயர்லாந்திலிருந்து வந்தவர்களும், 1815இல் நெப்போலியனுடனான போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களும் வந்து சேர்ந்தார்கள். ஒரு முதலாளி கூலியைக் குறைத்தால், மலிவாக விற்கும் அவரோடு போட்டியிட மற்றவர்களும் குறைத்தார்கள். சங்கம் சேர்ந்து கேட்பதை 1799, 1800ஆம் ஆண்டுச் சட்டங்கள் குற்றமாக்கியிருந்தன.

நெசவாளர்கள் நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக அனுப்பினார்கள். அவர்கள் கேட்டது இயந்திரத்தைத் தடை செய்யும்படி அன்று, குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும்படி. கூலியை நிர்ணயிக்க நீதிபதிகளுக்கு அதிகாரம் தந்த 1563ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் ஏட்டில் இருந்தது. ஆனால் விண்ணப்பங்களைப் பார்த்த 1811ஆம் ஆண்டுக் குழு, ஒருவர் தம் நேரத்தையும் உழைப்பையும் தமக்கு உகந்த நிபந்தனையில் விற்கும் சுதந்திரத்தில் சட்டம் தலையிட்டால் நாட்டின் செழிப்புக்கு அடிப்படையான கொள்கைகள் மீறப்படும் என்று அறிக்கை தந்தது. பழைய சட்டத்தின் கூலிப் பிரிவு 1813இலும், தொழிற்பயிற்சிப் பிரிவு 1814இலும் நீக்கப்பட்டன. பொருளியல் சிந்தனை சமூகத்தை எப்படி மாற்றியது என்று என்னைக் கேட்டால், எந்தப் பெரிய நூலுக்கும் முன்பாக இந்தக் குழு அறிக்கையைத்தான் காட்டுவேன்.

இயந்திரங்களை உடைத்த லடைட்டுகளையும் இந்தப் பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும். நாட்டிங்ஹாம் பகுதியில் 1811இல் அவர்கள் உடைத்த காலுறைச் சட்டகம், அதாவது காலுறை பின்னும் கருவி, புதிய கண்டுபிடிப்பு அன்று. அது இரண்டு நூற்றாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்த கருவி. தொழில் பழகாதவர்களை வைத்து மட்டமான சரக்கைச் செய்து கூலியைக் கெடுத்த முதலாளிகளின் சட்டகங்களைத் தேடித் தேடி உடைத்தார்கள். 1812இல் சட்டகத்தை உடைப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. கம்பளித் தொழில் நடந்த யார்க்‌ஷயரில் எழுந்த கலகம் தொடர்பான வழக்குகளில், 1813 ஜனவரியில் யார்க் நகரில் 17 பேர் தூக்கிலிடப்பட்டனர்.

விசைத்தறி உண்மையிலேயே பெருகியது 1820களில். 1833இல் அவற்றின் எண்ணிக்கை ஒரு இலட்சத்தை எட்டியது. இடையில் 1826 ஏப்ரலில், பசி தாங்காத லங்காஷயர் நெசவாளர்கள் சில நாள்களுக்குள் ஏறக்குறைய ஆயிரம் விசைத்தறிகளை உடைத்தார்கள். 1830களின் தொடக்கத்தில் கைத்தறியில் வாரக் கூலி ஆறு ஷில்லிங் அளவுக்கு வந்துவிட்டது. அப்படியானால் அவர்கள் ஏன் ஆலைக்குப் போகவில்லை என்று கேட்கலாம். ஆலைகள் அவர்களைத் தேடவில்லை என்பதுதான் விடை. விசைத்தறிகளைக் கவனிக்க இளம் பெண்களும் சிறுவர்களும் குறைந்த கூலிக்குக் கிடைத்தார்கள்; மணியோசைக்கு எழுந்து, தாமதத்துக்கு அபராதம் கட்டி, மேற்பார்வையாளரின் கண்ணுக்குக் கீழே நிற்பதற்கு அவர்களைப் பழக்குவதும் எளிதாக இருந்தது. ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் துணி ஆலைகளில் வேலைக்கு வைக்கக்கூடாது என்று 1833இல் சட்டம் போட வேண்டியிருந்தது என்பதே அன்றைய வழக்கத்தைக் காட்டும். அதுவரை வீட்டில் குடும்பத் தலைவனாகத் தறியில் இருந்தவர், பிள்ளைகள் ஆலையில் கொண்டுவரும் காசை எதிர்பார்த்து வாழ நேர்ந்தது. கூலி வீழ்ச்சியைவிட இதுதான் அவர்களை அதிகம் உறுத்தியிருக்கும் என்பது என் எண்ணம்.

இனி அறிஞர்கள். ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' என்ற நூலில் குண்டூசிப் பட்டறையை எடுத்துக்காட்டி, பத்துப் பேர் வேலையைப் பகிர்ந்துகொண்டால் ஒரு நாளில் 48,000 ஊசிகள் செய்யலாம் என்றார். ஒரே சிறு வேலையைச் செய்துகொண்டிருப்பவரின் அறிவு மழுங்கிப்போகும் என்று அதே நூலில் எச்சரித்தவரும் அவரே. அந்தப் பகுதியை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு. ஆனால் உங்கள் கேள்விக்கு நேரடியாக விடை சொன்னவர் டேவிட் ரிக்கார்டோ. இயந்திரத்தால் உழைப்பின் தேவை குறையாது என்று 1819இல் நாடாளுமன்றத்தில் பேசிய அவர், 1821இல் தம் பொருளியல் நூலின் மூன்றாம் பதிப்பில் புதிதாக ஓர் இயலைச் சேர்த்துத் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இயந்திரம் தங்கள் நலனுக்குக் கேடு என்று தொழிலாளர்கள் நினைப்பது வெறும் அறியாமை அன்று, அது பொருளியலின் சரியான விதிகளுக்கு ஒத்ததே என்று எழுதினார்.

அவருடைய கணக்கு எளிமையானது. ஒரு முதலாளியிடம் 20,000 பவுண்டு மூலதனம் இருக்கிறது. 7,000 கட்டடத்திலும் கருவிகளிலும், 13,000 கூலியிலும் போகிறது. ஆண்டு விளைச்சல் 15,000. அதில் 2,000 இலாபம், மீதி 13,000 மறுபடியும் கூலிக்கு. ஓர் ஆண்டு அவர் தம் ஆட்களில் பாதிப் பேரை வைத்து 7,500 பவுண்டு மதிப்புள்ள இயந்திரம் ஒன்றைச் செய்துகொள்கிறார். மற்ற பாதிப் பேர் 7,500க்கு மட்டுமே பண்டங்களைச் செய்கிறார்கள். அதில் தம் 2,000 இலாபத்தை எடுத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு கூலிக்கு மிஞ்சுவது 5,500. முதலாளிக்கு ஒரு காசும் குறையவில்லை. தொழிலாளர் பங்கு பாதிக்கும் கீழே போயிற்று. இந்த மாற்றம் அவருடைய சீடரான மெக்குல்லக்கை அதிரவைத்தது. ஆனாலும் இயந்திரங்களை அரசு தடுக்கக்கூடாது என்பதில் ரிக்கார்டோ உறுதியாக இருந்தார். தடுத்தால் மூலதனம் வெளிநாட்டுக்குப் போய்விடும், இழப்பு இன்னும் பெரிதாகும் என்பது அவர் வாதம். தாம் பிழையாக நினைத்திருந்ததை அச்சில் ஒப்புக்கொண்ட பொருளியலாளர்கள் மிகச் சிலரே. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அவர்மேல் தனி மதிப்பு உண்டு.

நாட்டின் கணக்கு பின்னாளில் சரியானது என்றேன். எவ்வளவு பின்னால் என்பதற்கு ராபர்ட் ஆலன் என்ற பொருளியல் வரலாற்றாசிரியர் கணித்த எண்கள் உள்ளன. 1780க்கும் 1840க்கும் இடையில் பிரிட்டனில் ஓர் உழைப்பாளியின் சராசரி உற்பத்தி 46 விழுக்காடு உயர்ந்தது, உண்மைக் கூலியோ (விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்த கூலி) 12 விழுக்காடுதான் உயர்ந்தது. கூலி உற்பத்தியோடு சேர்ந்து ஏறத் தொடங்கியது அதற்குப் பிறகே. சோழமண்டலக் கரையிலிருந்து போன அச்சுத் துணிகளை உடுத்துவதைக்கூட 1721இல் தடை செய்து தன் தொழிலை வளர்த்த நாடு, 1813க்குப் பிறகு அதே கரைக்கு ஆலைத் துணியை அனுப்பிய கதையில், அங்கே ஏறிய கூலியைப் போல் நம் நெசவாளருக்கு எதுவும் ஏறவில்லை; அது தனிப் பதிலுக்குரியது.

பதினான்கு வயதில், 1800இல், போல்டனில் தறியில் உட்கார்ந்த ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். கைத்தறி நெசவாளர்களின் நிலையை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையம் 1841இல் அறிக்கை தந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. சட்டத்தால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, இந்தத் தொழிலை விட்டு விலகுங்கள், பிள்ளைகளை இதில் சேர்க்காதீர்கள் என்பதுதான் ஆணையம் அவருக்குச் சொன்னது. பிள்ளைகள் அதற்குள் ஆலைக்குப் போயிருப்பார்கள்.