பெரிய அடுப்பாகப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்

தம்பி, மின்கம்பி எட்டாத இடத்தில் வீடு எடுத்திருக்கிறீர்கள். பனிக்காலத்துக்கு முன் வீட்டைச் சூடாக்கவும் சமைக்கவும் ஒரே விறகடுப்பு போதுமா, எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். புலம்பெயர்ந்து வந்து 16 குளிர்காலங்களை விறகோடு மல்லுக்கட்டியவன் நான்.

ஒரே அடுப்பு போதும். ஆனால் இரண்டு வேலைக்கும் வேண்டிய தீ வேறு. வீடு சூடாக, பருத்த கட்டைகள் இரவெல்லாம் நின்று எரிய வேண்டும். சமையலுக்கோ சிராயாகப் பிளந்த விறகும், கூட்டவும் குறைக்கவும் கைக்கு அடங்கும் தீயும் வேண்டும். ஓவன் வைத்த சமையலடுப்புகள் பார்க்க அழகுதான். பெரும்பாலானவற்றில் விறகு வைக்கும் அறை சிறியது. படுக்கும்போது நிரப்பினால் நடுச்சாமத்தில் சாம்பல்தான் மிஞ்சும். ஆகவே, மேல்தட்டு சமமாக உள்ள சூடாக்கும் அடுப்பையே வாங்குங்கள். சிலவற்றில் காற்று ஓடுவதற்காக வெளியே இன்னோர் உறை இருக்கும். அவற்றின் மேல் தண்ணீர் கொதிக்காது. கடையில் மறக்காமல் கேளுங்கள்.

அளவில்தான் நான் ஏமாந்தேன். விற்றவர் "இங்கே குளிர் பொல்லாதது" என்று மிரட்டி, வீட்டுக்குத் தேவையானதைப் போல் இரண்டு மடங்கு பெரிய அடுப்பைத் தலையில் கட்டினார். முழுத் தீ போட்டால் உள்ளே உட்கார முடியாது. அதனால் காற்றுவழியை அடைத்தே வைத்திருந்தேன். காற்றில்லாத விறகு எரியாமல் புகையும். அந்தப் புகை குளிர்ந்த புகைபோக்கியில் தாராகப் படியும். கிரியோசோட் என்பார்கள். இரண்டாவது குளிர்காலத்தில் ஓர் இரவு அது தீப்பற்றியது. குழாய்க்குள் சூறைக்காற்று புகுந்தது போன்ற இரைச்சல். குழாய் செக்கச்செவேலென்று பழுத்துவிட்டது. காற்றுவழியை இறுக மூடிவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பனியில் நின்றோம். வீடு பிழைத்தது எங்கள் சாமர்த்தியத்தால் அல்ல.

வார்ப்பிரும்பா, எஃகா என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். முன்னது மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும், பின்னது சட்டென்று சூடேறும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு அளவான அடுப்பை வாங்கி, மிச்சப்படும் பணத்தைப் புகைபோக்கியில் போடுங்கள். வளைவில்லாமல், வெப்பக்காப்பு உள்ள இரட்டைச் சுவர்க் குழாயாக, முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே மேலேறட்டும். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும். சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயரமாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றடிக்கும் நாளில் புகை வீட்டுக்குள் திரும்பும். கார்பன் மோனாக்சைடு என்ற மணமில்லாத நச்சுவாயு சேர்ந்தால் அலறும், பேட்டரியில் ஓடும் எச்சரிக்கைக் கருவி இல்லாமல் முதல் தீயை மூட்டாதீர்கள்.

விறகு விஷயத்தில் இந்த வருடம் நீங்கள் தாமதம். பச்சை மரத்தின் எடையில் பாதி தண்ணீராகவே இருக்கலாம்; அதைக் கொதிக்கவைத்து விரட்டுவதிலேயே சூடு போய்விடும். ஈரம் 20 சதவீதத்துக்குள் உள்ள விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 4 கிலோவாட் மணி வெப்பம் தரும், பச்சை விறகு அதில் பாதிதான். பிளந்து, மேலே மட்டும் மூடி, காற்றோட்டமாக அடுக்கினால் உலர ஒரு வருடம், கடின மரமென்றால் இரண்டு. எனவே இம்முறை உலர்ந்ததையே விலைக்கு வாங்குங்கள். விற்பவர் வாக்கை நம்பாமல் ஒரு கட்டையைப் பிளந்து, பிளந்த முகத்தில் ஈரமானியைக் குத்திப் பாருங்கள். வெளிப்புறம் எப்போதும் காய்ந்ததாகவே காட்டும்.

சாம்பலை மூடியுள்ள இரும்புத் தொட்டியில் அள்ளி வெளியே வையுங்கள். அடியில் கங்கு நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். அடுப்புக் கதவின் விளிம்பில் ஓடும் அடைப்புக் கயிறும் ஒரு சுருள் சேர்த்து வாங்குங்கள். அடுப்பு ஆறியிருக்கும்போது ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் கயிறு தேய்ந்துவிட்டது. எனக்கு அது தேய்ந்தது பாதை பனியில் மூடிக் கிடந்த வாரத்தில்.