ஐஸ் டம்ளர் "ஒழுகுது" என்று சொல்லும் யூகேஜி பிள்ளைகளுக்கு

வணக்கம் டீச்சர். ஐஸ் தண்ணீர் வைத்த எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறம் நனைந்ததும் பிள்ளைகள் "டம்ளர் ஓட்டை" என்கிறார்கள், எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருந்தீர்கள். அவர்கள் கண்ணில் பட்டதை வைத்துச் சரியாகத்தான் யோசிக்கிறார்கள். அதனால் மறுத்துப் பேசாமல், சோதித்துப் பார்க்க விடுங்கள்.

ஒரே மாதிரி இரண்டு டம்ளர்களின் வெளிப்புறத்தை நன்றாகத் துடையுங்கள். இரண்டிலும் பாதியளவு பீட்ரூட் சாறு கலந்த தண்ணீர், ஒன்றில் மட்டும் ஐந்தாறு ஐஸ் கட்டிகள். விளிம்பு வரை ஊற்றினால் வழிந்து சோதனையே கெடும். பத்து நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் வெளியே துடைக்கச் சொல்லுங்கள். ஐஸ் உள்ள டம்ளர் மட்டும் நனைந்திருக்கும், துணியில் சிவப்பு ஒட்டாது.

"டம்ளர் கலரை வடிகட்டிடுச்சு" என்று ஒரு பிள்ளை கேட்கக்கூடும். அருமையான கேள்வி அது! அதற்காகவே ஒரு காலி டம்ளரை முந்தைய இரவே ஃப்ரீசரில் வைத்திருங்கள். வெளியே எடுத்ததும் அதன்மேல் வெண்மையாகப் படியும், சற்று நேரத்தில் துளிகளாகும். உள்ளே தண்ணீரே இல்லையே, எப்படி ஒழுகும்? காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் நீராவிதான் குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீராகிறது என்பதை அப்போது சொல்லுங்கள், முன்னால் வேண்டாம்.

அந்த டம்ளரைத் துணியால் பிடியுங்கள். ஈரக்கையோ நாக்கோ பட்டால் ஒட்டிக்கொள்ளும். ஏசி அறையில் காற்று உலர்ந்திருப்பதால் துளிகள் குறையும், மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள். பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம், அதன் வெளிப்புறம் மெதுவாகத்தான் குளிரும்.