மூன்றாவது வரிசையில் யார் உட்காருவார்?

போன இதழில் ஏழு பேர் போகிற வண்டி பற்றி நான் எழுதிய நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நான் மெக்கானிக் இல்லை. 2021-இல் வாங்கிய மூன்று வரிசை டீசல் எஸ்யூவி ஒன்றைக் கரூரில் தினமும் ஓட்டுகிறவள். இதுவரை 81,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வீட்டில் மாமியார், நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், கொழுந்தனார், ஓரகத்தி என்று ஏழு பேர். என் வண்டியின் குறைகளையும் சொல்லப் போகிறேன் என்பதால் அதன் பெயரை எழுதவில்லை.

வீட்டில் ஆறு பேர். அப்பா, அம்மா இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். ஆறு சீட் வண்டி எடுக்கலாமா, ஏழு சீட்டா?
– நாமக்கல் வாசகர்

சீட் எத்தனை என்பதை விட, மூன்றாவது வரிசையில் யார் உட்காருவார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நாங்கள் அதை யோசிக்கவே இல்லை. ஷோரூமுக்கு நானும் கணவரும்தான் போனோம். முன் சீட்டில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தோம், பிடித்திருந்தது, அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். பின்னால் ஏறிப் பார்க்கத் தோன்றவில்லை.

வண்டி வந்த வாரமே பழனிக்குக் கிளம்பினோம். ஓரகத்தி நல்ல உயரம். பிள்ளைகளோடு அவளும் பின்னால் ஏறினாள். இந்த வகை வண்டிகளில் மூன்றாவது வரிசைக்குக் கீழே தரை மேடாக இருக்கும், சீட்டோ தாழ்வாக இருக்கும். அதனால் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும், தொடைக்கு அடியில் தாங்கல் இருக்காது. பழனியில் இறங்கும்போது அவளால் உடனே நிமிர முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதவோரமே கொஞ்ச நேரம் நின்றாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

மாமியாருக்கு வேறு கஷ்டம். அவருக்கு 74 வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம். நடு வரிசைக்கு ஏறவே வண்டியின் தரை உயரம். இடது கையால் கதவுக்கு மேலுள்ள பிடியைப் பிடித்து, வலது கையால் சேலைக் கொசுவத்தைத் தூக்கி, காலை மேலே வைக்கப் பார்ப்பார். பாதம் விளிம்பு வரை வந்து திரும்பக் கீழே போய்விடும். "கண்ணு, கொஞ்சம் பொறு" என்பார். இப்போது அரை அடி உயர மர முக்காலி ஒன்று வண்டியிலேயே இருக்கிறது. அதை வைத்தால் ஒரே எட்டில் ஏறிவிடுகிறார்.

ஆகவே ஷோரூமுக்கு அப்பாவையும் அம்மாவையும் கூட்டிப் போங்கள். அவர்களாகவே மூன்று முறை ஏறி இறங்கட்டும். வீட்டில் யார் உயரமோ அவர் பின்னால் பத்து நிமிடம் உட்காரட்டும். நடு சீட்டை உங்கள் அப்பா உட்காரும் அளவுக்குத் தள்ளி வைத்துவிட்டுப் பின்னால் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பாருங்கள். சேல்ஸ்மேன் நடு சீட்டை முன்னால் தள்ளித்தான் காட்டுவார்.

உங்கள் கணக்குக்கு ஆறு சீட்டே போதும் என்று நினைக்கிறேன். நடுவில் தனித்தனியாக இரண்டு கேப்டன் சீட் இருந்தால் பெரியவர்கள் கை வைத்துச் சாய்ந்து உட்காரலாம். பிள்ளைகள் நடுச் சந்து வழியாகப் பின்னால் போய்விடுவார்கள், பெரியவர்களை எழுப்பிச் சீட்டை மடக்க வேண்டியதில்லை. பல ஏழு சீட் வண்டிகளில் நடு வரிசை பெஞ்ச் மாதிரி வரும். யாராவது படுத்துக்கொண்டு வர வேண்டுமென்றால்தான் அது வசதி.

மாதம் 600 கி.மீ. ஓடும், பெரும்பாலும் ஊருக்குள்தான். டீசல் எடுக்கலாமா?
– தஞ்சாவூர் வாசகி

வேண்டாம் சகோதரி. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரியை வண்டியே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். ஆனால் அதற்கு எக்ஸாஸ்ட் நன்றாகச் சூடேற வேண்டும், கொஞ்ச நேரம் ஒரே சீராக ஓட வேண்டும். ஸ்கூலுக்கு மூன்று கி.மீ., கடைக்கு இரண்டு கி.மீ. என்று ஓட்டினால் அது நடக்காது.

வண்டி வாங்கிய எட்டாவது மாதம் அந்த வடிகட்டிக்கான மஞ்சள் விளக்கு எரிந்தது. ஏதோ சென்சாராக இருக்கும் என்று இரண்டு வாரம் அப்படியே ஓட்டினேன். வண்டி இழுக்க மறுத்து, சர்வீஸ் சென்டரில் மூன்று நாள் நின்றது. கம்ப்யூட்டரில் இணைத்துக் கரியை எரித்தார்கள். ஆயிலில் டீசல் கலந்திருந்ததால் ஆயிலையும் மாற்ற வேண்டியதாயிற்று. வண்டியைக் கொடுக்கும்போது இதை ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்டுக்கல் நெடுஞ்சாலையில் அரவக்குறிச்சி பக்கம் வரை ஒரே வேகத்தில் போய்த் திரும்புகிறேன். அதன் பிறகு விளக்கு எரியவில்லை.

நெடுஞ்சாலையில் நிறைய ஓடுகிறவர்களுக்கு டீசல் அருமை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஏழு பேரோடு ஏற்றத்தில் அதன் இழுவையே தனி. உங்களுக்கு பெட்ரோல் போதும். பட்ஜெட் இடம் கொடுத்தால், பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து இழுக்கிற ஹைபிரிட் பாருங்கள். இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட்டுக்கு லிட்டருக்கு 23.24 கி.மீ. என்று சான்று இருக்கிறது. சோதனைக்கூடக் கணக்கு வீட்டுக் கணக்காகாது, கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஊருக்குள் நின்று நின்று போகிற ஓட்டத்துக்குத்தான் ஹைபிரிட் நன்றாகக் கைகொடுக்கும்.

முன்னால் இரும்பு கிராஷ் கார்டு மாட்டலாமா?
– புதுக்கோட்டை வாசகர்

மாட்டாதீர்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்ற கணக்கை அந்தக் கம்பி கெடுக்கக்கூடும். எதிரே வருகிற டூவீலர்காரருக்கும் நடந்து போகிறவருக்கும் அது இன்னும் ஆபத்து.

மலைப்பாதையில் பின் சீட்டில் பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்கள். என்ன செய்வது?
– உடுமலைப்பேட்டை வாசகி

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. எங்கள் சின்னவன் ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயிண்டில் இறங்கினான். கீழே ஆழியாறு அணை அவ்வளவு அழகாகத் தெரிகிறது, அவன் மட்டும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறான். மூன்றாவது வரிசை பின் சக்கரங்களுக்கு மேலேயே இருப்பதால் ஆட்டமும் குலுக்கலும் அங்கே அதிகம். ஜன்னலும் சிறிது, முன்னால் சாலை தெரியாது. உடம்பு ஒன்றை உணர, கண் இன்னொன்றைப் பார்க்க, தலை சுற்றிவிடுகிறது.

மலை ஏறுவதற்கு முன் இடம் மாற்றுங்கள். வாந்தி வருகிற பிள்ளை நடு வரிசையில், சாலை தெரிகிற பக்கம் உட்காரட்டும். போனைக் கையில் கொடுக்காதீர்கள். வயிற்றுக்கு இரண்டு இட்லி போதும், பூரி வேண்டாம். பின் வரிசைக்கென்று தனி ஏசி ஃபேன் ஸ்விட்ச் இருந்தால் போட்டுவிடுங்கள். எங்கள் வண்டியில் அப்படி ஒன்று இருப்பதே முதல் கோடையில் எங்களுக்குத் தெரியாது, பிள்ளைகள் வியர்த்து ஊற்றிக்கொண்டே வந்தார்கள். ஓட்டுகிறவர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்குங்கள். நிறை பாரத்தோடு பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

ஏழு பேர் உட்கார்ந்தால் சாமான் எங்கே வைப்பது? குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் எட்டு பேர் போகலாமா?
– விழுப்புரம் வாசகர்

மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் டிக்கியில் கொஞ்சம்தான் இடம். நம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிற ஹூண்டாய் அல்கசாரில் 180 லிட்டர், ஹைகிராஸில் 300 லிட்டர். 180 என்றால் இரண்டு சின்ன பெட்டி, ஒரு கட்டைப்பை. துணியைப் பெட்டியில் வைக்காமல் துணிப்பைகளில் வையுங்கள், இடுக்கில் நுழையும். கனமானவை கீழே இருக்கட்டும். ஒரு முறை முறுக்கு டப்பாவை மேலே வைத்து மூடினோம். மேட்டில் நிறுத்தி டிக்கியைத் திறந்ததும் அது நேராக என் பெரிய பெண்ணின் பாதத்தில் விழுந்தது. நகம் கறுத்துப் போய் இரண்டு மாதம் செருப்புப் போட முடியவில்லை.

எட்டாவது ஆள் கூடவே கூடாது. வேகத்தில் ஒரு மோதல் என்றால் மடியில் இருக்கிற குழந்தையை எந்தத் தாயாலும் பிடித்து நிறுத்த முடியாது, அந்த விசை அப்படி. 2023 டிசம்பரில் டாடா சஃபாரி, பாரத் என்கேப் என்ற மோதல் பாதுகாப்புச் சோதனையில் 5 ஸ்டார் வாங்கியது. 2021-இல் மஹிந்திரா எக்ஸ்யூவி 700, அதே மாதிரியான குளோபல் என்கேப் சோதனையில் 5 ஸ்டார் வாங்கியது. அந்த ஸ்டார்கள் எல்லாம் பெல்ட் போட்டவருக்குத்தான். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்று சட்டமும் சொல்கிறது. மூன்றாவது வரிசை பெல்ட்டின் கொக்கி பல நேரம் சீட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கும். கிளம்புவதற்கு முன் நீங்களே கை விட்டு எடுத்து வெளியே வையுங்கள், பிள்ளைகள் தேட மாட்டார்கள்.

போன தை மாதம் ஓரகத்தியின் தம்பியும் பழனிக்கு வருகிறேன் என்றார். கரூர் பஸ் ஸ்டாண்டில் அவரையும் கொழுந்தனாரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நாங்கள் ஆறு பேர் வண்டியில் போனோம். பழனி பஸ் ஸ்டாண்டில் அவர்கள்தான் எங்களுக்காக டீக்கடையில் காத்திருந்தார்கள்.